நிறுவையும் நிறுவலும்

மலையகத் தோட்டமொன்றில் அந்திக் கொழுந்து நிறுக்கும் வேளையில் மடுவத்தருகே நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறவாது. ஹட்டனானாலும் நுவரெலியாவானாலும் காட்சி ஒன்றுதான். சுமந்து வந்த கொழுந்தைப் பெண்கள் வரிசையாக நின்று தராசில் ஏற்றுவர், ஓர் எண் உரத்துச் சொல்லப்படும், அது ஏட்டிற் பதியப்படும், சாக்கு இறங்கும், அடுத்தவர் முன்வருவார். நாளில் இரண்டு மூன்று முறை நிகழும் இந்த நிறுவையின் கூட்டுத்தொகைதான் ஒரு பெண்ணுக்கு அன்று முழுப் பேரா, அரைப் பேரா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏட்டில் எழுதியவர் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஐயம் தோன்றினால் அவரைக் கேட்கலாம். அவர் முகம் சுளிக்கலாம், அதட்டலாம். ஆயினும் கேட்பதற்கு ஓர் ஆளும், புரட்டிக் காட்டுவதற்கு ஓர் ஏடும் இருந்தன. இப்பொழுது சில தோட்டங்களில் மின்தராசு வந்துவிட்டது. எண்களைக் கூட்டிப் பதியும் வேலை கணினிச் செய்நிரலின் கைக்குச் சென்றுகொண்டிருக்கிறது. செய்நிரலை யார் கேட்பது? கேட்டால் அது எதைப் புரட்டிக் காட்டும்?

இது தொழிற்சங்கத்தாரின் கேள்வி என்று தோன்றலாம். அவர்களுக்கும் இதில் வேலை உண்டுதான். ஆனால் கேள்வியின் வேர் கணிதத்தில் இருக்கிறது. ஒரு செய்நிரலின் பொருள் யாது, அது சரியானது என்று எவ்வாறு அறிவது என்னும் வினாவுக்குக் கணித அறிஞர் அரை நூற்றாண்டுக்கு மேலாக இரு வேறு வழிகளில் விடை கூறி வருகின்றனர். ஒரு சாரார், செய்நிரலைப் பற்றி இன்ன இன்ன வெளிப்படையுண்மைகளை ஏற்றுக்கொள்வோம், அவற்றிலிருந்து நிறுவக்கூடியது எதுவோ அதுவே செய்நிரலின் பொருள் என்பர். மற்றொரு சாரார், முதலில் செய்நிரல் குறிக்கும் கணிதப் பொருளை, அதாவது ஒரு மாதிரியுருவைக் கட்டிக் காட்டுவோம், பின்னர் அந்த மாதிரியுருவைப் பார்த்து எது உண்மை, எது பொய் என்று சொல்வோம் என்பர். முன்னது வெளிப்படையுண்மை நெறி. பின்னது மாதிரியுரு நெறி. இரண்டில் எதனை முதலாவதாகக் கொள்வது என்பதில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. அதனை மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பக்கம் சார்வதற்கு முன்னர், இந்த விவகாரத்தில் நம் நாட்டுக்குள்ள ஒரு சிறு உறவைக் குறிப்பிட வேண்டும். வெளிப்படையுண்மை நெறியை 1969ஆம் ஆண்டில் நிலைநாட்டிய ரோனி ஹோர் 1934இல் கொழும்பிற் பிறந்தவர். தந்தையார் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தர். தாயாரோ இலங்கைத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மகள். துரைமாரின் பேரப்பிள்ளைகள் கப்பலேறிச் சென்று ஒக்ஸ்போர்ட்டிற் படித்தார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்நாளில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத தோட்டப் பள்ளிக்கூடம், அதுவும் இருந்தால் உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இதனை ஹோர் அவர்களின் குற்றமாக எவரும் சொல்லார். ஆயினும் அவர் வகுத்த கணக்குத் தத்துவம் அவருடைய பாட்டனாரின் காலத்து மடுவத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்க்கும்போது எனக்குச் சற்று வியப்பு உண்டாகிறது.

இன்னொன்றும் இலக்கிய ஆர்வலர்கள் கவனிக்க வேண்டும். ஹோர் பல்கலைக்கழகத்திற் கற்றது கணிதமன்று. இலத்தீன், கிரேக்கம், தத்துவம் ஆகிய பழைய பாடங்களே. பின்னர் கடற்படைச் சேவையில் ருஷ்ய மொழி பயின்றார். மொஸ்கோவிலே மொழிபெயர்ப்புக்குக் கணினியைப் பயன்படுத்துவது பற்றி ஆராயச் சென்ற இடத்தில், சொற்களை அகரவரிசைப்படுத்தும் தேவையிலிருந்து, இன்று உலகமெங்கும் வழங்கும் விரைவு வரிசையாக்க முறையைக் கண்டறிந்தார். இலக்கணமும் தருக்கமும் கற்ற ஒருவரே 'செய்நிரலுக்கும் நிறுவல் வேண்டும்' என்று சொன்னார் என்பது, கலைப்பிரிவு மாணவருக்குக் கணினி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நல்ல விடை.

1969 ஒக்டோபரில் வெளிவந்த அந்தக் கட்டுரை ஏறத்தாழ ஆறு பக்கமே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் றொபேட் ஃபுளொயிட் என்ற அமெரிக்கர் செய்நிரலின் பாய்ச்சற் கோட்டுப்படத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் உண்மைக் கூற்றை எழுதிவைக்கும் வழியைக் காட்டியிருந்தார். ஹோர் அந்தப் படத்தை நீக்கிவிட்டு, கூற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு செய்நிரலுக்கு முன்னே ஒரு நிபந்தனை, பின்னே ஒரு நிபந்தனை. முன்நிபந்தனை உண்மையாயிருக்கும்போது செய்நிரலைத் தொடங்கினால், அது முடியும்போது பின்நிபந்தனை உண்மையாயிருக்கும். இவ்வளவே அவர் எழுதும் வாக்கியத்தின் வடிவம். அத்தகைய வாக்கியங்களை ஒன்றிலிருந்து ஒன்று பெறுவதற்குச் சில விதிகள். முடிந்தது.

கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுப்பது. அதுவும் திரும்பத் திரும்பக் கழித்து வகுப்பது. அதனைக் கொழுந்துக்கு மாற்றிச் சொல்கிறேன். மடுவத்தில் ஒரு குவியல் கொழுந்து கிடக்கிறது. சாக்கு ஒவ்வொன்றும் ஒரே கொள்ளளவு உடையது. குவியலில் ஒரு சாக்கு நிரம்பும் அளவுக்குக் கொழுந்து இருக்கும்வரை, ஒரு சாக்கை நிரப்பி ஓரமாக வைத்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் செய்நிரல். இது சரியா என்று எப்படி அறிவது?

நம் வகுப்பறைகளில் இதற்குச் சொல்லிக்கொடுக்கும் வழி ஓர் அட்டவணை போடுவது. குவியல் 100 கிலோ, கொள்ளளவு 30 கிலோ என்று வைத்துக்கொள்; முதற் சுற்றில் மீதி 70, சாக்கு 1; அடுத்து 40, 2; அடுத்து 10, 3; நின்றுவிட்டது; விடை சரி. மாணவர் மகிழ்ச்சியோடு கோடு கிழித்துவிடுவர். ஆனால் அவர் அறிந்தது என்ன? 100க்கும் 30க்கும் சரி என்று அறிந்தார். 101க்கு? 10,000க்கு? அட்டவணை எத்தனை போட்டாலும் போடாத அட்டவணை ஒன்று எஞ்சி நிற்கும்.

ஹோர் காட்டும் வழி வேறு. சாக்குகள் நிரம்பிக்கொண்டிருக்கும்போது எல்லாமே மாறுகின்றன: குவியல் குறைகிறது, சாக்குகள் கூடுகின்றன. மாறாதது எது என்று கேள். வந்த கொழுந்து = குவியலில் மீதி + கொள்ளளவு × நிரம்பிய சாக்குகள். இஃது ஒன்று மட்டும் மாறுவதில்லை. வேலை தொடங்குமுன் சாக்கு ஒன்றுமில்லை, குவியல் முழுவதும் மீதி. ஆகவே கூற்று உண்மை. ஒரு சாக்கை நிரப்பும்போது மீதியில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே மறுபுறத்திற் கூடுகிறது. ஆகவே கூற்று உண்மையாகவே நீடிக்கிறது. வேலை நிற்கும்போது, மீதி ஒரு சாக்குக்குக் காணாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் அதுவே வகுத்தலின் வரைவிலக்கணம். ஒரு கிலோவையும் நிறுக்கவில்லை. ஓர் அட்டவணையும் போடவில்லை. உலகத்திலுள்ள எல்லாக் குவியல்களுக்கும் எல்லாச் சாக்குகளுக்கும் ஒரே தடவையில் உண்மை நிறுவப்பட்டுவிட்டது. இதனை மாறாக்கூற்று என்பேன். கணக்கப்பிள்ளையின் ஏட்டுக்கும் இப்படி ஒரு மாறாக்கூற்று உண்டு: எந்த நொடியில் ஏட்டைப் பிடுங்கிப் பார்த்தாலும், அதிலுள்ள தொகை இதுவரை நிறுக்கப்பட்ட கொழுந்தின் தொகைக்குச் சமமாயிருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் பெண் உண்மையில் நம்புவது இந்த வாக்கியத்தைத்தான். பெயர் தெரியாமலே நம்புகிறாள்.

(தமிழிலே 'நிறு' என்னும் சொல் எடை போடுவதையும் நிலைநிறுத்துவதையும் ஒருங்கே குறிப்பது தற்செயலாக இருக்கலாம். மொழியாராய்ச்சியை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் கேத்திர கணிதத்தில் 'நிறுவுக' என்று வினாத்தாள் கேட்கும்போதெல்லாம் எனக்கு மடுவத்துத் தராசுதான் நினைவுக்கு வரும்.)

கேத்திர கணிதத்தைச் சொன்னதும் என் முறைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண தர வகுப்பில் நம் மாணவர் வெளிப்படையுண்மைகள் என்று ஒரு பாடமே படிக்கின்றனர். சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் சமம் என்பதிலிருந்து தொடங்கி, இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் சமம் என்று நிறுவுகின்றனர். பாகைமானியை வைத்து இரண்டு முக்கோணிகளை அளந்துவிட்டு 'நிறுவியாயிற்று' என்று எழுதும் மாணவருக்கு எந்த ஆசிரியரும் புள்ளி போடமாட்டார். அதே மாணவர் உயர்தர வகுப்பிலே கணினிப் பாடத்துக்கு வந்ததும் என்ன செய்கிறார்? செய்நிரலை இரண்டு எண்களுக்கு ஓடவிட்டுப் பார்த்து, 'சரி' என்கிறார். பாகைமானியை எடுத்துவிட்டார்! நாமும் புள்ளி போடுகிறோம்.

இதனைக் கணினிப் பாடம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் இளைஞர், என்மேல் மரியாதை உள்ளவர், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "சேர், நீங்கள் சொல்வது தருக்கம். பிள்ளைகளுக்கு முதலில் பொருள் கண்முன்னே தெரிய வேண்டும். பொருளே இல்லாமல் விதியை மட்டும் வைத்துக்கொண்டு எதைப் பற்றி நிறுவுவது?" என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. மாதிரியுரு நெறியின் முழு வலிமையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்குப் பின்னணியாக ஒரு வரலாறும் உண்டு.

அமெரிக்கத் தருக்க அறிஞர் அலொன்சோ சேர்ச் 1932இல் கணிதம் முழுவதற்கும் அடித்தளமாகச் சில வெளிப்படையுண்மைகளை வகுத்து வெளியிட்டார். மூன்றே ஆண்டுகள், 1935இல் அவருடைய மாணவர்களான கிளீனியும் றொஸரும் அவற்றிலிருந்து முரண்பாடு பிறக்கிறது என்று காட்டிவிட்டனர். முரண்பாடு பிறக்கும் தொகுதியில் எதை வேண்டுமானாலும் நிறுவலாம். எதை வேண்டுமானாலும் நிறுவக்கூடிய இடத்தில் நிறுவலுக்கு மதிப்பில்லை. இடிந்த கட்டடத்திலிருந்து சேர்ச் ஒரு பகுதியைக் காப்பாற்றி எடுத்தார். அதுவே லம்டா நுண்கணிதம். பிற்காலத்துச் செய்நிரல் மொழிகள் பலவற்றுக்கு மூலம். முரணற்றது என்று நிறுவப்பட்ட பின்னும், அதன் விதிகள் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்று காட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவராலும் இயலவில்லை. ஒரு சார்பு தன்னையே தனக்கு உள்ளீடாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. சாதாரணத் தொடைகளைக் கொண்டு அதற்கு ஒரு மாதிரியுரு கட்டப் புகுந்தால் எண்ணிக்கையே இடந்தராது.

டேனா ஸ்கொட் என்னும் தருக்க அறிஞர் இந்தக் காரணத்தாலேயே அதனை நம்பாதவர். 1969 இலையுதிர் காலத்தில் ஒக்ஸ்போர்ட்டில் கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சியோடு சேர்ந்து பணியாற்றச் சென்றவர், ஒக்டோபரிலே அதனைக் கைவிட வேண்டுமென்று வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். நவம்பரில் தாமே அதற்கு ஒரு மாதிரியுருவைக் கண்டுபிடித்தார்! எல்லாச் சார்புகளையும் எடுத்துக்கொள்ளாமல், முடிவுள்ள தகவலைப் படிப்படியாகக் கூட்டி அணுகக்கூடிய சார்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கட்டடம் நிற்கும் என்பது அவர் கண்ட உபாயம். ஹோரின் கட்டுரை வெளிவந்த மாதத்துக்கு அடுத்த மாதம் அது. இரு நெறிகளும் ஒரே பருவத்திற் பூத்தன.

அந்த உபாயத்தை நம் சாக்குகளைக் கொண்டு விளக்கலாம். குவியல் ஒரு சாக்குக்கும் காணாத நாள்களுக்கு மட்டும் விடை சொல்லும் ஓர் அரைகுறைச் சார்பை எடுத்துக்கொள்க. அடுத்து, ஒரு சாக்கு வரை விடை சொல்லும் சார்பு; பின்னர் இரண்டு வரை; இப்படியே வளர்ந்துகொண்டு போகும் வரிசையின் எல்லை எதுவோ, அதுவே செய்நிரலின் பொருள். இங்கே ஹோரின் விதிகள் மௌனம் சாதித்த ஓர் இடத்தில் மாதிரியுரு வாய் திறக்கிறது. சாக்குக்கு அடியில்லை என்று வைத்துக்கொள்வோம்: கொள்ளளவு சுழி. நிரப்பிக்கொண்டே இருக்கலாம், குவியல் குறையாது, வேலை முடியாது. மாறாக்கூற்றோ கடைசிவரை உண்மையாகவே இருக்கும்! 'முடியும்போது' பின்நிபந்தனை உண்மையாகும் என்றுதானே வாக்குக் கொடுத்தோம். முடியாவிட்டால் வாக்குத் தவறவில்லை. இந்த ஓட்டையை ஹோர் தம் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவுறும் என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். ஸ்கொட்டின் மாதிரியுருவிலோ முடியாத வேலைக்கும் ஒரு பொருள் குறிக்கப்பட்டுள்ளது. விடையின்மை என்ற அந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அடி'. அடியற்ற சாக்குக்கு 'அடி' என்று விடை வருவதைத் துரைமார் மொழியின் வேடிக்கை என்றுதான் கொள்ள வேண்டும்.

வேடிக்கைக்கு அப்பால் ஒரு பாடமும் உண்டு. 1972இல் ஹோர் இன்னொருவரோடு சேர்ந்து, செய்நிரலுக்குள் எழுதப்படும் சார்புகளுக்கு ஒரு விதி வகுத்தார். பார்வைக்குக் குற்றமற்ற விதி. ஆனால் என்றும் முடியாத சார்பொன்றை அதற்குள் இட்டால் முரண்பாடு வெளிவரும் என்று கண்டறியப்பட்டது. 1976இல் அதனை ஒப்புக்கொண்டு வெளியான குறிப்பில் ஹோரின் பெயரும் இருந்தது. வெளிப்படையானது என்று எண்ணியது வெளிப்படையாக இல்லை. மாதிரியுருவோடு வைத்து உரசிப் பார்க்காத விதி பொன்னா பித்தளையா என்று தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1978இல் ஸ்டீவன் குக் ஒரு சிறு செய்நிரல் மொழிக்கு ஹோரின் முறையிலான விதிகளை மாதிரியுருவோடு ஒப்பிட்டு, அவை பொய்யை நிறுவமாட்டா என்றும், எண்கணிதத்தின் உண்மைகள் கைவசம் இருப்பின் நிறுவ வேண்டியவற்றை நிறுவப் போதியவை என்றும் காட்டிய பின்னரே பலருக்கு நெஞ்சு ஆறிற்று.

ஆகவே நண்பரின் பக்கம் வென்றதா? தமிழ் கற்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். இலக்கியத்திலிருந்தே இலக்கணம் பிறந்தது என்பது நம் மரபு. தொல்காப்பியத்தின் இயல்களை முடிக்கும் புறனடைச் சூத்திரங்களைப் பாருங்கள். சொல்லப்பட்ட விதிகளுக்குள் அடங்காமல் வழக்கில் உள்ளவற்றையும் தழுவிக்கொள்க என்று விதியே தன் எல்லையை ஒப்புக்கொள்கிறது. வழக்கு என்பது மாதிரியுரு. சூத்திரம் என்பது வெளிப்படையுண்மை. புறனடை என்பது இரண்டுக்கும் இடையிலான உடன்படிக்கை. ஆனால் அதே தொல்காப்பியத்தை நாம் எதற்காகக் கற்கிறோம்? இனி எழுதப்படப்போகும் வாக்கியம் வழுவா வழாநிலையா என்று தீர்ப்பதற்காக. வழக்கு, நடந்ததைச் சொல்லும். நடப்பது தவறு என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. சொல்வதற்குச் சூத்திரம் வேண்டும்.

என் பக்கத்துக்கு நான் சொல்லும் காரணம் இதுவே. மாதிரியுரு, செய்நிரல் என்ன செய்கிறது என்பதைக் குறைவறச் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பது அதனைச் சாராத கேள்வி. முன்நிபந்தனையும் பின்நிபந்தனையும் செய்நிரல் பிறப்பதற்கு முன்னரே எழுதப்படக்கூடியவை; எழுதுபவர் செய்நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவரும் எழுதலாம். அஃது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குத்தான் இரு தரப்பு உண்டு. மாதிரியுருவை வைத்தும் தேவையைச் சொல்லலாமே, அதற்கென்றே மொழிகள் உள்ளனவே என்று அறிஞர் கூறுவர். உண்மை. அவற்றிலும் கடைசியில் எழுதப்படுவது ஒரு நிபந்தனைதான் என்பேன்.

நிறுவலைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று எவரும் எண்ணாதிருக்கும்பொருட்டு ஒரு தோல்வியையும் கூறுகிறேன். அகரவரிசையில் உள்ள பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைத் தேட, நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மீண்டும் நடுவைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஜோன் பென்ற்லி 1986இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் அதனை மாறாக்கூற்றுக் கொண்டு நிறுவியும் காட்டினார். இருபது ஆண்டு கழித்து, 2006இல், ஜோசுவா புளொக் அதில் வழு இருப்பதை வெளிப்படுத்தினார். ஜாவா மொழியின் நூலகத்திலும் அதே வழு ஒன்பது ஆண்டளவு மறைந்திருந்தது. நடுவைக் காண இரு முனைகளின் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டும். பொறியிலுள்ள எண்ணுக்கு அதற்கு மேல் இடமில்லை. சுற்றி வந்து எதிர்மறை எண்ணாகிவிடும். நிறுவலில் ஒரு வரியும் பிழையில்லை. எண்கள் முடிவின்றி வளரும் என்று கொண்ட வெளிப்படையுண்மைதான் அந்தப் பொறிக்குப் பொருந்தவில்லை.

இதிலே வியப்பு என்னவென்றால், ஹோர் 1969இலேயே இதனை எச்சரித்திருந்தார். கணினியின் எண்கணிதம் முடிவுள்ளது. அளவு மீறும்போது அது மூன்று வகையாக நடக்கலாம், எந்த வகை என்பதையும் ஒரு வெளிப்படையுண்மையாக எழுதிவிட வேண்டும் என்றார். மூன்றுக்கும் சிறு வாய்பாடுகள் கூடப் போட்டுக் காட்டினார். தராசைக் கொண்டு சொன்னால்: அளவு மீறினால் எடை காட்ட மறுக்கும் தராசு ஒன்று, முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றுவிடும் தராசு ஒன்று, முள் சுற்றி வந்து சுழியிலிருந்து மறுபடி தொடங்கும் தராசு ஒன்று. அந்த வாய்பாடுகள் மாதிரியுருக்களேயன்றி வேறென்ன? வெளிப்படையுண்மை நெறியின் தந்தையே மாதிரியுருவைத் தம் முதற் கட்டுரையில் அருகே உட்கார வைத்திருந்தார். பின்னர் 1974இல் லோவர் என்பவரோடும், 1998இல் ஹெ ஜிஃபெங் என்னும் சீன அறிஞரோடும் சேர்ந்து, பல்வேறு நெறிகளையும் ஒன்றோடொன்று இணைக்கவே முயன்றார். நிறுவல்கள் இல்லாமலே உலகத்துச் செய்நிரல்கள் எப்படி இவ்வளவு நம்பத்தக்கனவாயின என்று 1996இல் தம்மையே கேட்டுக்கொண்டவரும் அவரே. சீடர்களுக்குத்தான் சண்டை.

எனவே இரண்டும் வேண்டும் என்பதில் எனக்குத் தகராறில்லை. தகராறு, எதனை முதலிற் கற்பிப்பது என்பதில். மாதிரியுருவைச் செவ்வனே கற்பிக்க ஸ்கொட்டின் கணிதம் வேண்டும்; அது பல்கலைக்கழகத்துக்குரியது. பள்ளியில் அதன் இடத்தில் நாம் வைத்திருப்பது, பொறியை ஓடவிட்டுப் பார்ப்பது. அதற்குப் பொறி வேண்டும், மின்சாரம் வேண்டும், நாற்பது பிள்ளைகளுக்கு ஏழெட்டுக் கணினி, அவற்றிலும் சில ஓடா என்ற நிலை மாற வேண்டும். மாறும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. மாறாக்கூற்றை எழுதிப் பார்க்கத் தாளும் பென்சிலும் போதும். குப்பிவிளக்கில் யூக்கிளிட் கற்ற தலைமுறை ஒன்று இந்த மலைகளிலும் இருந்தது. கணினி குறைந்த பள்ளிக்கு இரண்டாந்தரக் கல்வியே விதிக்கப்பட்டது என்று எண்ணுவோர், நிறுவல் வழியிலே அந்தப் பள்ளி நகரத்துப் பள்ளியை முந்தலாம் என்பதை ஒருகணம் சிந்திக்க வேண்டும். கல்வியியற் கல்லூரிகளில் பயிலும் இளம் ஆசிரியர்களுக்கு, சிறப்பாகப் பத்தனை ஸ்ரீபாதக் கல்லூரியிலிருந்து தோட்டப் பள்ளிகளுக்கு வருவோருக்கு, இதனைப் பரிந்துரைக்கிறேன்: செய்நிரலில் சுழற்சி ஒன்று வரும்போதெல்லாம், அட்டவணை போடுமுன், 'எது மாறவில்லை?' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நண்பர் அரை மனத்தோடு ஒருநாள் இதனைச் செய்து பார்த்தார். மூன்று நிறுவைகளைக் கூட்டும் சிறு செய்நிரலைக் கரும்பலகையில் எழுதி, மாறாக்கூற்றைக் கேட்டாராம். காலை 6.8 கிலோ, பகல் 7.7, அந்தி 5.9. ஒரு கிலோவுக்குக் குறைந்த பின்னத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் உதாரணத்துக்காக வைத்த விதி. 20 கிலோவுக்கு முழுப் பேர் என்பதும் அவ்வாறே. வகுப்பில் பாதிப் பேர் ஒவ்வொரு நிறுவையிலும் பின்னத்தைத் தள்ளி, 6உம் 7உம் 5உம் கூட்டி 18 என்றனர். மீதிப் பேர் மூன்றையும் கூட்டி 20.4 ஆக்கி, கடைசியில் ஒரு தடவை தள்ளி 20 என்றனர். இரண்டு செய்நிரலும் ஓடின. இரண்டும் எழுதியபடியே பிசகாமல் வேலை செய்தன. முதலாவதில் அரைப் பேர், இரண்டாவதில் முழுப் பேர். எது சரி என்று தீர்க்க, மாறாக்கூற்றில் 'தொகை' என்பது எதன் தொகை என்று எழுத வேண்டியிருந்தது. அதை எழுதப் போனபோதுதான் விதியிலேயே அது சொல்லப்படவில்லை என்பது தெரிந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், எங்கட அம்மாவின்ட சிட்டையில எப்படிக் கழிக்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். நண்பரிடம் விடையில்லை. மறுநாள் ஒன்பது பிள்ளைகள் வீட்டிலிருந்து சிட்டைகளைக் கொண்டுவந்திருந்தனர்.